என்னை வெளியே தள்ளிய விதி

நேற்றுக் காலை என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். தள்ளியது மனிதர்கள்கூட இல்லை, எங்கள் கார்த்திக் எழுதி வைத்த ஒரு சின்னக் கம்ப்யூட்டர் நிரல். எழுந்ததும் போனைத் திறந்தால், "சேவியர், உங்கள் பதவிக்காலம் முடிந்தது. நன்றி. இனி நீங்கள் பங்களிப்பாளர்" என்று நிற்கிறது. கமிட்டிப் பக்கத்தைத் தட்டிப் பார்த்தேன், திறக்கவில்லை. கடவுச்சொல்லை நிறுத்தி நிதானமாக அடித்துப் பார்த்தேன், அப்போதும் திறக்கவில்லை. விதி வேலை செய்கிறது! அந்தச் சந்தோஷத்தில் பக்கத்து வீட்டு நாய்க்கு ஒரு முழு பிஸ்கட் பாக்கெட்டையும் உடைத்துப் போட்டுவிட்டேன்.

அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளில் எனக்கு மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், லட்டு கொடுத்தார்கள். அன்றைக்கு இதில் கால்வாசி சந்தோஷம்கூட எனக்கு இல்லை. ஆனால் எங்கள் குழுவில் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் இழவு விழுந்த மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். "சாரை இழப்பது நியாயமா? இந்த விதியையே தூக்கிவிடலாமே" என்று ஒருவர் தொடங்கிவைக்க, ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு என்று ஆகிவிட்டது. இப்போது கமிட்டிக்குத் தலைமையாக இருக்கும் பாப்பாத்தி எனக்குப் போன் செய்தார்.

"நான் சொன்னா சண்டைக்கு வர்றேன்னு சொல்லுவாங்க. அன்னிக்கு ரோட்டுல நனைஞ்சுக்கிட்டு நின்னது நீங்கதானுங்களே. நீங்களே எழுதிப் போடுங்க சார்."

அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு வாக்களியுங்கள்.

நான் திருச்சிப் பக்கத்துக்காரன். டெலிபோன் இலாகாவில் வேலை கிடைத்து, சென்னையில் பயிற்சி முடித்து, நாலைந்து ஊர் பார்த்த பிறகு கொல்லிமலைக்கு மாற்றல் வந்தது. தண்டனை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் மலை ஏறினேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் இறங்க மனசில்லாமல் போய்விட்டது. திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு (இங்கே ஊர்க்கூட்டத்துக்கு நாடு என்று பெயர்) என்று வயர் அறுந்த இடத்தைத் தேடி நடந்த நடைதான் என் உத்தியோகம். பிறகு டவர்கள் வந்தன, வயர்கள் போயின, நடக்கும் வேலையும் போயிற்று. கால் மட்டும் பழக்கத்தை விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் "ஒத்தையடி" என்ற வரைபட ஆப் என் போனுக்கு வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இது எந்தக் கம்பெனியுடையதும் இல்லை. உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்பதை யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம், எடுத்துப்போய்த் தன் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பெரிய கம்பெனிகளின் வரைபடத்தில் இல்லாத சந்து, வரப்பு, மலைப்பாதை எல்லாம் இதில் இருக்கும், சிக்னல் இல்லாவிட்டாலும் வழி காட்டும். திறந்து பார்த்தேன். என் வீட்டை ஓடைக்கு நடுவில் வைத்திருந்தார்கள்!

கோபத்தில் ஒரு திருத்தம் அனுப்பினேன். சாயங்காலமே திரும்பி வந்துவிட்டது. "புகைப்படம் இல்லை. எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்பதையும் எழுதுங்கள்." என் வீடு எங்கே இருக்கிறது என்று எனக்கே சாட்சி கேட்கிறார்கள்! பல்லைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்று ஒரு படம் எடுத்து, "கிழக்குப் பார்த்து" என்று எழுதி அனுப்பினேன். 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு ஏற்கப்பட்டது. அந்த டிங் இருக்கிறதே, அது பொல்லாத சத்தம். அதைக் கேட்பதற்காகவே மலை முழுக்க அலைய ஆரம்பித்தேன்.

திருப்பி அனுப்பியவர் கோமதி மேடம். ராசிபுரத்தில் பேங்க் அதிகாரி, எங்கள் கமிட்டியின் தலைவர். கமிட்டியில் அப்போது ஐந்து பேர். ஒருவர் பாதியில் விலக, அந்த இடத்துக்கு என்னை நிற்கச் சொன்னார்கள், நின்றேன், வந்தேன். சனிக்கிழமைதோறும் போனில் கூட்டம். மேடம் கூட்டத்தை நடத்துகிற விதமே தனி. வணக்கம், நலமா எல்லாம் கிடையாது. "இந்த வாரம் எதை உடைச்சீங்க?" என்றுதான் தொடங்குவார். முதலில் தான் உடைத்ததைத் தானே சொல்வார். "திருச்செங்கோட்டுல ஒரு பள்ளிக்கூடத்தைக் குளத்துக்குள்ள வெச்சுட்டேன், நேத்துதான் எடுத்தேன்" என்று சிரிக்காமல் சொல்வார். அதற்கப்புறம் மற்றவர்களுக்குத் தங்கள் தப்பைச் சொல்லக் கூச்சம் இருக்காது.

அவருக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. "நான் பார்த்துக்கறேன்." கூட்டத்தில் யாராவது இதைச் சொன்னால் பேனாவால் மேஜையைத் தட்டுவார். டொக் டொக் என்று போனில் கேட்கும். "நீங்க பார்த்துக்குவீங்க, சரி. உங்களுக்குக் காய்ச்சல் வந்தா யார் பார்த்துக்குவாங்க?" என்பார். எந்தத் திருத்தமும் வெளியே போக இரண்டு உறுப்பினர்கள் தனித்தனியாகப் பார்த்து ஒப்புதல் அழுத்த வேண்டும் என்பதும் அவர் வைத்த முறைதான். அனுப்பியவரின் பெயரைப் பார்க்கக் கூடாது, அனுப்பியதைத்தான் பார்க்க வேண்டும்.

பதவிக்கால விதியும் அவருடையதே. கமிட்டி முறைப்படி அமைந்த அன்றே எழுதிவிட்டார். ஒரு காலம் இரண்டு வருடம். தொடர்ந்து இரண்டு காலம் இருக்கலாம். பிறகு ஒரு காலமாவது வெளியே இருந்தாக வேண்டும். காரணம் கேட்டதற்கு, "பேங்க்ல மூணு வருசத்துக்கு ஒருக்கா எங்களைத் தூக்கி வேற ஊர்ல போடறாங்க. நான் போன மறுநாளும் அந்த பிராஞ்சோட கதவு திறக்குதே!" என்றார். வெளியே போகிறவர்களுக்கு இன்னொரு வழக்கமும் வைத்தார். அவர்கள் கூட்டத்தில் உட்காரலாம், ஆனால் யாராவது கேள்வி கேட்டால் ஒழிய வாய் திறக்கக் கூடாது. தங்களுக்குப் பின் வருகிறவரைத் தேர்ந்தெடுப்பதிலும் அவர்களுக்கு வாக்கு இல்லை.

இத்தோடு விட்டாரா? கமிட்டியே கூட முடியாத நிலை வந்தால் என்ன செய்வது என்றும் ஒரு விதி எழுதினார். ஏற்கப்பட்ட திருத்தம் குறைந்தது மூன்று வைத்திருக்கும் பங்களிப்பாளர்களில் பதினைந்து பேர் எங்கள் பொதுப் பக்கத்தில் பெயர் போட்டு ஆதரித்தால், ஒருவர் நேராக உறுப்பினராகிவிடலாம். அதைப் படித்துவிட்டு கார்த்திக் விழுந்து விழுந்து சிரித்தாராம். கார்த்திக் சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிறவர், கமிட்டியில் அவரும் ஒருவர். "மேடம், நாம எல்லாரும் ஒரே பஸ்ல போய் கவுந்தாத்தான் இது நடக்கும்" என்றாராம். ஆனாலும் சொன்னபடி எல்லா விதிகளையும் நிரலாக எழுதி வைத்தார். காலம் முடிந்தவரை நிரலே வெளியேற்றும், யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

பஸ் கவிழவே வேண்டியிருக்கவில்லை. என்னைத் தவிர மற்ற நாலு பேரும் ஒரே நாளில் பொறுப்புக்கு வந்தவர்கள். நாலு வருடம் கழித்து நாலு பேரும் ஒரே நாளில் போக வேண்டும் என்பது, தேதி பக்கத்தில் வந்த பிறகுதான் எங்கள் மண்டையில் ஏறியது. மேடம் தேர்தல் அறிவித்தார். யாரும் நிற்கவில்லை. நான் மலையில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். "நீங்களே இருங்க சார், நல்லாத்தானே போகுது" என்றார்கள். பாப்பாத்தியையும் கேட்டேன். மிளகும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. மிளகு வாங்க வரும் வண்டிகள் வழி தெரியாமல் திரும்பிப் போனதால் தன் ஊருக்கான பாதைகளைத் தானே குறித்தவர். "எனக்கெதுக்குங்க கமிட்டி?" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கடைசி நேரத்தில் யாராவது நிற்பார்கள் என்று மேடம் இருந்தார். கடைசி நேரத்தில் மேடம் இறங்கி வந்து எல்லோருக்கும் ஒரு வருடம் நீட்டித்துக் கொடுப்பார் என்று நாங்கள் இருந்தோம். நிரல் இரண்டு பேருக்காகவும் காத்திருக்கவில்லை.

அன்று ஆயுத பூஜை விடுமுறை. காலையில் நாலு பேருக்கும் நன்றி சொல்லி நாலு பேரையும் வெளியேற்றிவிட்டது. உலகம் பூராவும் இருக்கிற ஒத்தையடிக்கு நான் ஒருவன்தான் கமிட்டி! முதலில் சிரிப்புத்தான் வந்தது. டீயைக் குடித்து முடிக்கும் முன்னே துரைசாமியின் போன் வந்தது. மலையிலிருந்து கீழே மில்லுக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றிப் போகும் 'சின்ன யானை' என்கிற குட்டி லாரி ஓட்டுகிறவர், அவரும் எங்கள் பங்களிப்பாளர்.

"சார், பாப்பாத்தியக்கா ஊருக்குப் போற வழியில ஓடைப் பாலம் உள்ள போயிருச்சுங்க. ராத்திரி மழைக்குப் பாதி அடிச்சுட்டுப் போயிருச்சு. ஒரு கார் முன்சக்கரம் இறங்கித் தொங்கிக்கிட்டு நிக்குது. ஆளுக்கு ஒண்ணும் இல்லீங்க, நாங்க இழுத்து விட்டுட்டோம். ஆனா அவங்க உங்க ஆப்பைப் பாத்துத்தான் வந்தாங்களாம்!"

வாசலூர்பட்டி படகுத்துறைக்குப் போகும் ரோட்டில் முந்தின நாள் மரம் விழுந்திருந்தது. "ரோடு அடைப்பு" என்று யாரோ அனுப்பிய திருத்தத்துக்கு மேடமும் நானும்தான் ஒப்புதல் கொடுத்தோம். அதனால் ஆப் எல்லோரையும் அந்தக் குறுக்கு வழியாகத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. உள்ளூர்க்காரன் யாரும் மழை நாளில் அந்த வழியே போக மாட்டான். வெளியூர் வண்டிகளை நாங்கள்தான், எங்கள் ஒத்தையடிதான், வரிசையாகப் பள்ளத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

உடனே திருத்தம் போட்டேன்: பாலம் இல்லை, வழி அடைப்பு. என் ஒப்புதலை அழுத்தினேன். திரையில் "இன்னும் ஒரு உறுப்பினர் தேவை" என்று வந்தது. இன்னொரு உறுப்பினருக்கு எங்கே போவது?

குடையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் பறந்தேன். குறுக்கு வழி பிரியும் கவையில் கல்லை உருட்டிப் போட்டு, கிளையை ஒடித்துப் போட்டு, நடுரோட்டில் நின்றுகொண்டேன். போலீசுக்குச் சொன்னேன், மலைப் பாதையில் சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்திவிட்டு ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், இருட்டும் வரை யாரும் வரவில்லை. வாழைக்கன்றும் சந்தனமும் மாலையுமாக ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் வந்தன. நான் குடையை நீட்டி நிறுத்தினேன். சொன்னால் நம்பினால்தானே!

"ஏனுங்க, ஆப்ல ரோடு பச்சையா காட்டுதே!" என்றார் ஒரு ஈரோட்டுக்காரர், காரை விட்டு இறங்காமலே.

"பாலம் இல்லீங்க. ஆப் தப்பு."

"ஒத்தையடி தப்பு காட்டாதுங்க. நானே அதுல திருத்தம் போட்டவன். எவ்வளவு கண்டிப்புன்னு எனக்குத் தெரியும். கிளையை எடுங்க."

"அட சாமி, அந்தக் கமிட்டியே நான்தானுங்க!"

மழையில் நனைந்து, லுங்கியை மடித்துக் கட்டி, குடையால் காரை மறிக்கிற கிழவனை அவர் மேலும் கீழும் பார்த்தார். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. ஆனாலும் சண்டை வேண்டாம் என்று எதிரே இருந்த டீக்கடையில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, மனைவி பிள்ளைகளோடு போண்டா சாப்பிடப் போனார்.

கவைக்குப் பக்கத்தில் ஒரு பலாமரம். அதன் அடியில் நின்றால் மட்டும் சிக்னல் வரும். டவர் வைத்தபோது அளந்தவன் நான், எனக்குத் தெரியாதா? மரத்தடிக்கு ஓடிப்போய் எல்லோரையும் போனில் கூட்டினேன். கார்த்திக் பதறிக்கொண்டு வந்தார். மேடம் வந்தார், பேசவில்லை.

"மேடம், ஏதாவது செய்யுங்க!" என்றேன்.

"இது கேள்வி இல்லை, சேவியர். கேள்வியா கேளுங்க."

அந்த நேரத்திலும் அவர் முறையை விடவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "மேடம், இதை எப்படிச் சரி பண்றது?" என்று கத்தினேன்.

"ரெண்டு வழி இருக்கு. நம்ம சர்வர் வெச்சிருக்கறவங்களுக்கு நான் ஒரு போன் போட்டா என்னைத் திரும்ப உள்ள விட்டுருவாங்க. ஒரு நிமிஷ வேலை. ஆனா அப்படி இன்னைக்கு உள்ள வந்தேன்னா, அப்புறம் எப்பவும் நான்தான். விதின்னு ஒண்ணு இருந்ததையே எல்லாரும் மறந்துருவாங்க. இன்னொரு வழி, பதினஞ்சு பேர். நீங்க அங்க நிக்கிற வரைக்கும் யாரும் பள்ளத்துக்குப் போக மாட்டாங்க. எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"இருட்டற வரைக்கும் நிப்பேன் மேடம். இருட்டினா மறிக்க முடியாது."

"அப்ப இருட்டறதுக்குள்ள ஒருத்தரைக் கொண்டு வாங்க. இல்லாட்டி நான் போன் போட்டுர்றேன்."

"சரி மேடம், நான் பார்த்துக்..." என்று வாயெடுத்தேன். டொக் டொக் என்று பேனா கேட்டது.

கார்த்திக், "அந்தப் பதினஞ்சு பேர் விதிக்கும் நிரல் எழுதியிருக்கேன் சார். ஆனா ஓட்டிப் பார்த்ததே இல்லை" என்றார். நல்ல நேரம் பார்த்துச் சொன்னார்! அதற்குள் கவையில் ஒரு வேன் ஆரன் அடித்தது, ஓடினேன். வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு மரத்தடிக்கு வந்தால் அழைப்பு அறுந்து போயிருந்தது, மறுபடி கூட்டினேன். இப்படியே மரத்துக்கும் ரோட்டுக்குமாக எத்தனை ஓட்டம் ஓடினேன் என்று எனக்கே தெரியாது.

மதியத்துக்கு மேல் ஓடையை நடந்தே தாண்டி, மழைக்குத் தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு பாப்பாத்தி வந்தார்.

"ஏனுங்க சார், இப்படி நனைஞ்சுக்கிட்டு நிக்கறீங்க?"

நடந்ததைச் சொன்னேன். "நீங்க மட்டும் நின்னா போதும். மத்ததெல்லாம் தானா நடக்கும்" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

"எனக்குப் பயமுங்க."

"என்ன பயம்? உங்களுக்குத் தெரியாத பாதையா?"

"பாதைக்கு இல்லீங்க. எங்க மகளிர் குழுவுல ஒருக்கா தலைவியா நில்லுன்னாங்க, நின்னேன். பத்து வருசமாச்சு, இன்னும் எறங்க விடல. எறங்கறேன்னா 'உன்னை விட்டா யாரு இருக்கா'ங்கறாங்க. மக பிரசவத்துக்குக்கூட நிம்மதியா போய் இருக்க முடியல. இன்னொண்ணுல போய் மாட்டோணுமா நானு?"

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. மூன்று மாதமாக மலை முழுக்கக் கேட்டபோது எல்லோரும் கும்பிட்டு ஒதுங்கியதன் காரணம் இதுதான். வேலைக்கு யாரும் பயப்படவில்லை. ஏறினால் இறங்க முடியாது என்றுதான் பயந்தார்கள். அந்த விதியை நாங்களே எவ்வளவு தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்! பழைய ஆட்களை வெளியேற்றும் விதி என்று சொன்னோமே தவிர, வருகிறவர்களுக்கு அது என்ன என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

"பாப்பாத்தி, இது ரெண்டு வருசம்தான். உங்களுக்குப் பிடிச்சா இன்னொரு ரெண்டு. அதுக்கு மேல நீங்களே இருக்கறேன்னாலும் முடியாது."

"ரெண்டு வருசம்தானுங்களே? அப்புறம் விட்டுருவாங்களா?"

"விடறதாவது! தள்ளிவிட்டுருவாங்க. கோமதி மேடத்தையே இன்னைக்குக் காலையில தள்ளிவிட்டுருச்சு."

அவர் முகத்தில் பெரிய சிரிப்பு வந்தது. "அப்பச் சரிங்க. போடுங்க என் பேரை."

போட்டேன். பதினைந்து பேர் வேண்டுமே! துரைசாமி கிழங்கு மூட்டைகளோடு அந்தப் பக்கம் வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிவிட்டார். மில்லுக்கு நாளைக்குப் போனால் போகிறது என்று, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கெல்லாம் ஏறி ஆட்களை அழைத்தார். ஜீப் ஓட்டுகிறவர்கள், குண்டூர் நாட்டுப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், ஒரு நர்ஸம்மா என்று பொதுப் பக்கத்தில் பெயர்கள் ஏறின. வெளிநாட்டிலிருந்துகூட ஒருவர் தூக்கக் கலக்கத்தில் எழுந்து பெயர் போட்டார். எனக்குப் பசியே தெரியவில்லை. ஒவ்வொரு பெயரையும் மரத்தடியிலிருந்து கத்தி அறிவித்தேன், டீக்கடையில் கை தட்டினார்கள். தேர்தல் என்றால் இதுவல்லவா தேர்தல்!

பதினாலில் நின்றுவிட்டது. வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. கூப்பிட ஆள் தீர்ந்து துரைசாமி திரும்பி வந்துவிட்டார். மேடத்தின் பக்கம் டயரியைப் புரட்டும் சத்தம் போனில் கேட்டது. சர்வர்காரர்களின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். சட்டென்று போண்டா தின்ற ஈரோட்டுக்காரர் ஞாபகம் வந்தது. திருத்தம் போட்டவன் என்று சொன்னாரே!

கடைக்கு ஓடினேன். "ஏனுங்க, நீங்க எத்தனை திருத்தம் போட்டிருக்கீங்க?"

"எங்க ஊர்ப் பக்கம் ஒரு அஞ்சு ஏறியிருக்குங்க. ஏன்?"

"ஒரு ஓட்டுப் போடுங்க" என்று மரத்தடிக்கு இழுத்து வந்தேன்.

பகல் முழுக்க என் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான், ஆனாலும் சட்டென்று போடவில்லை. "இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாதுங்களே" என்று போனில் பாப்பாத்தி அனுப்பிய திருத்தங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "எல்லாத்துக்கும் போட்டோ இருக்குது" என்று தலையாட்டிவிட்டுப் பெயரைப் போட்டார்.

பாப்பாத்தியின் போன் 'டிங்' என்றது. கார்த்திக்கின் நிரல் வேலை செய்துவிட்டது! கார்த்திக் போனில் விசிலடித்தார், துரைசாமி வண்டி ஆரனை அமுக்கி எடுத்துவிட்டார். நான் பாப்பாத்தியின் தோளைப் பிடித்து உலுக்காத குறைதான்.

"அழுத்துங்க பாப்பாத்தி! ஒப்புதல் அழுத்துங்க!"

அவர் திரையைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். "போட்டோ எங்கீங்க சார்?"

"என்ன போட்டோ? நீங்களே அந்த ஓடையைத் தாண்டித்தானே வந்தீங்க!"

"நான் பாத்தேனுங்க. நாளைக்கு வேற ஊர்ல உக்காந்து பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? என்னோடதையெல்லாம் போட்டோ இல்லைன்னு நீங்கதானுங்க திருப்பி அனுப்பினீங்க."

போனில் ஒரு சத்தம். கோமதி மேடம் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். வேறு வழி? ஈரோட்டுக்காரரின் கையில் குடையைக் கொடுத்து ரோட்டில் நிற்க வைத்துவிட்டு, இருக்கிற வெளிச்சத்தில் ஓடைக்கு ஓடினேன். பாதிப் பாலம், கீழே செந்தண்ணீர். படம் எடுத்து, "வடக்குப் பார்த்து" என்று எழுதி, மூச்சிரைக்க மரத்தடிக்கு வந்து அனுப்பினேன். பாப்பாத்தி பார்த்தார். அழுத்தினார்.

மரத்தடிக்கு ஓடி வந்து தன் போனைப் பார்த்த ஈரோட்டுக்காரர், "சிவப்பாயிருச்சு! சிவப்பாயிருச்சுங்க!" என்று குடையைத் தூக்கி ஆட்டினார். அவர் மனைவி கைதட்டினார். டீக்கடைக்காரர் எல்லோருக்கும் காசு வாங்காமல் ஒரு டீ போட்டார்.

போனை எடுத்தேன். "மேடம், ஏதாவது சொல்லுங்க" என்றேன். பதில் இல்லை. பிறகு ஞாபகம் வந்து, "மேடம், இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேள்வியாகவே கேட்டேன்.

"நாலு வருசத்துல இன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குவேன், சேவியர்" என்றார்.

அந்த மாதமே துரைசாமியும் இன்னும் இரண்டு பேரும் தேர்தலில் நின்று உள்ளே வந்தார்கள். ஒரே நாளில் ஏறி ஒரே நாளில் இறங்கும் கூத்து இனி வராதபடி, வருடத்துக்குப் பாதிப் பேர் மாறுவதாகக் காலங்களைப் பிரித்து வைத்தோம். தேர்தல் அறிவிப்பில் முதல் வரியாக, "இரண்டு வருடம்தான். பிறகு நாங்களே தள்ளிவிடுவோம்" என்று எழுதச் சொன்னது பாப்பாத்தி. அதற்கப்புறம் ஒரு தேர்தலிலும் ஆள் கிடைக்காமல் போகவில்லை. மகளிர் குழுவிலும் அதே விதியைக் கொண்டுவந்து, தான் முதல் ஆளாக இறங்கிவிட்டு, பேரனோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். அவரிடம் போய் விதியைத் தூக்கலாமா என்று கேட்கிறீர்களே! "தூக்குனீங்கன்னா நான் அன்னிக்கே எறங்கிக்கறேன்" என்று எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன்.

என்னை இழப்பதாக வருத்தப்படும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நேற்று மத்தியானம், கமிட்டிக் கதவு சாத்திய கையோடு, ஒரு நடை போனேன். திண்ணனூர் நாட்டுப் பக்கம் புதிதாகச் சிமெண்ட் போட்ட ஒரு பாதை வரைபடத்தில் இல்லை. அங்கேயே நின்று குறித்து அனுப்பினேன். எத்தனை வருடம் நடந்த இடம், கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்!

இன்று காலை அது திரும்பி வந்திருக்கிறது. திருப்பி அனுப்பியவர் பெயர் நிர்மலா. என் இடத்துக்குத் தேர்வாகி நேற்றுத்தான் உள்ளே வந்தவராம், எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. நான் யார் என்று அவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் பெயரைப் பார்த்திருக்க மாட்டார்.

"புகைப்படம் இல்லை. எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்பதையும் எழுதுங்கள்."

நான் வீட்டுக்குள் தனியாக நின்று கை தட்டினேன். கோமதி மேடத்துக்கு அப்படியே அனுப்பிவைத்தேன், கேள்வி ஒன்றும் கேட்கவில்லை, அதனால் பதிலும் வரவில்லை. இப்போது மழை தூறுகிறது. குடையை எடுத்துக்கொண்டு போட்டோ எடுக்கப் புறப்படுகிறேன்.